குறை என்னும் நான்காம் கட்டம்

அந்த நர்சிங் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர் என்று ஒருத்தி இருந்தாளே தவிர, கம்ப்யூட்டர் என்று வாய் நிறையச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. மொத்தம் பன்னிரண்டு பெட்டிகள். ஐந்துக்குத்தான் உயிர் இருந்தது. அந்த ஐந்திலும் இரண்டு, மத்தியானம் ஆனால் சூடேறி மயக்கம் போட்டுவிடும். இறுதியாண்டு மாணவிகளோ இருபத்து நாலு பேர். பாடத்திட்டத்தில் 'நோயாளியின் தகவலைக் காப்பது' என்று ஒரு தாள் முழுசாக இருக்கிறது. மயக்கம் போடும் மிஷினை வைத்துக்கொண்டு எதைக் காப்பது?

டீச்சர் அசரவில்லை. கணவனின் ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு தகரப் பெட்டி, இரண்டு பூட்டு, ஒரு கட்டு வேஸ்ட் பேப்பர். இவ்வளவுதான் அவளுடைய லேப்.

முதல் நாள் பெட்டிக்குள் ஒரு சீட்டைப் போட்டுப் பூட்டி, கடைசி பெஞ்சில் இருந்த ஒல்லியிடம் அனுப்பினாள். சாவி டீச்சர் கையில். ஒல்லி முழித்தாள். "திறக்க முடியலைல்ல? உன் பூட்டையும் அதுமேல போட்டு எனக்குத் திருப்பி அனுப்பு." பெட்டி இரண்டு பூட்டோடு வந்தது. டீச்சர் தன் பூட்டை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி அனுப்பினாள். ஒல்லி தன் பூட்டைத் திறந்தாள், சீட்டு கையில். "பார்த்தீங்களா? யார் சாவியும் யார் கைக்கும் போகலை. ஆனா சேதி போயிடுச்சு." வகுப்பே ஓவென்று கத்தியது. அதிலும் பெரிதாகக் கத்தியவள் மைக். தொண்டையில் ஒலிபெருக்கியோடு பிறந்தவள் என்று அவளுக்கு அந்தப் பெயர்.

இந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் உண்டு. ஆசிரியர்கள் அன்றன்றைக்கு நடத்தியதைப் பாடக்குறிப்பு நோட்டில் எழுதி ஆபீஸில் வைக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்து, முத்திரை குத்திய நோட்டு. ஒரு தாளைக் கிழித்தாலும் தெரிந்துவிடும். அதில் நாலு கட்டம்: நோக்கம், கருவி, செய்முறை, குறை. முதல் மூன்றை எல்லோரும் நிரப்புவார்கள். நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதுவார்கள். நம் டீச்சருக்கு அது வராது. குறை இருந்தால் குறை என்று எழுதிவிட்டுத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். பிழைக்கத் தெரியாதவள் என்று மற்ற ஆசிரியர்கள் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். சில சமயம் முகத்துக்கு நேராகவும் சொன்னார்கள்.

அந்தப் புதன்கிழமைப் பாடம் இதுதான்: யாரும் தன் எண்ணைச் சொல்லாமல் எல்லோருடைய எண்ணையும் கூட்டுவது எப்படி?

"உங்ககிட்ட எத்தனை ஜோடி வெள்ளை சாக்ஸ் இருக்கு? வாயைத் திறக்காதீங்க. மனசுக்குள்ள வெச்சுக்கோங்க." முதல் பெஞ்சுக்காரி யாருக்கும் தெரியாத ஒரு பெரிய எண்ணை நினைத்துக்கொள்ள வேண்டும். அதோடு தன் சாக்ஸைக் கூட்டித் துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் கொடுக்க வேண்டும். வாங்கியவள் தன்னுடையதைக் கூட்டிப் புதுச்சீட்டில் எழுதி அடுத்தவளிடம் தள்ள வேண்டும். சுற்றி வந்ததும், முதல் பெஞ்சுக்காரி தன் ரகசிய எண்ணைக் கழித்தாள். எழுபத்தொன்று என்று விடை வந்தது. யாரிடம் ஒரே ஒரு ஜோடிதான் என்பது கடைசி வரை தெரியவில்லை. அந்த ஒரு ஜோடிக்காரி நிம்மதியாக மூச்சு விட்டிருப்பாள்.

"ஆனா இதுல ஒரு ஓட்டை இருக்கு. நடுவுல நீ இருக்கே. உனக்கு முன்னாடி இருக்கறவ என்ன குடுத்தான்னும், பின்னாடி இருக்கறவளுக்கு என்ன வந்ததுன்னும் அவங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டா, கழிச்சுப் பார்த்து உன் எண்ணைப் பிடிச்சிடலாம்" என்றாள் டீச்சர்.

அப்போதுதான் மைக் எழுந்தாள்.

"டீச்சர், சாக்ஸை விடுங்க. இதுல டூட்டி மணி கூட்டலாமா?"

விஷயம் இதுதான்: மாணவிகளுக்கு வாரத்துக்கு நாற்பது மணி நேரம் வார்டு டூட்டி. அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது என்பது லைசென்ஸ் தரும் கவுன்சிலின் விதி. ஆனால் ஆஸ்பத்திரியில் நர்ஸ் பற்றாக்குறை. 'கொஞ்சம் உதவிக்கு இரும்மா' என்று நிறுத்திவைப்பார்கள். அந்தக் கொஞ்சம் ஐந்து மணி நேரமாகும், எட்டு மணி நேரமாகும். பதிவேட்டிலோ எல்லோருக்கும் சரியாக நாற்பது. வாய் திறந்தவளுக்கு வருகைப்பதிவில் கை வைத்துவிடுவார்கள். போன வருடம் ஒருத்தி திறந்தாள், பரீட்சை எழுதாமல் ஊருக்குப் போனாள்.

டீச்சருடைய வேலை வருடா வருடம் புதுப்பிக்கிற வேலை. இந்த வருடத்துக் கடிதம் இன்னும் பெரிய மேடத்தின் மேஜை டிராயரில் இருக்கிறது. பெரிய மேடம் என்றால் நர்சிங் சூப்பரின்டெண்ட். அவர் நடந்து வந்தால் வார்டில் காய்ச்சல்காரனுக்கும் காய்ச்சல் இறங்கும்.

இருபத்து நாலு முகமும் தன்னையே பார்ப்பதை டீச்சர் பார்த்தாள்.

"கூட்டுங்க. போன வாரம் நாற்பதுக்கு மேல போட்டது மட்டும்" என்றாள்.

சொல்லி வாய் மூடவில்லை, ஆபீஸ் உதவியாளர் கதவில் தலையை நீட்டினார். "டீச்சர், பிரிண்டர் மறுபடி பேப்பரைத் தின்னுடுச்சு. மேடம் கூப்பிடறாங்க." கம்ப்யூட்டர் டீச்சர் என்றால் பிரிண்டர் வயிற்றிலிருந்து பேப்பர் பிடுங்குகிற ஆளும் அவள்தானே. "வந்துடறேன். முடிச்சுட்டு மொத்தத்தை போர்டுல எழுதுங்க" என்று ஓடினாள். அந்தப் பாழாய்ப்போன மிஷின் முக்கால் மணி நேரத்தை விழுங்கியது. திரும்பி வந்தபோது மணி அடித்து வகுப்பு கலைந்திருந்தது. கரும்பலகையில் பெரிதாக ஓர் எண்: 412.

ஒரே வாரத்தில் நானூற்றுப் பன்னிரண்டு மணி நேரம். டீச்சர் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. டஸ்டரை எடுத்தவள் அப்படியே கீழே வைத்தாள். பிறகு உட்கார்ந்து, கடமை தவறாத புண்ணியவதி, பாடக்குறிப்பு எழுதினாள். நாலாவது கட்டத்தில்: 'இரு பக்கத்திலும் இருப்பவர்கள் சேர்ந்தால் நடுவில் இருப்பவரின் எண் வெளிப்பட்டுவிடும்.'

மறுநாள் காலை ரவுண்ட்ஸ் வந்த பெரிய மேடம் வகுப்பு வாசலில் நின்றார்.

"என்ன அது, நானூத்திப் பன்னெண்டு?"

மைக்குக்கு வாய் சும்மா இருக்குமா? "எங்க எக்ஸ்ட்ரா டூட்டி மணி மேடம். எல்லாருக்கும் சேர்த்து. போன வாரம் மட்டும்."

பெரிய மேடத்தின் முகத்தில் ஈயாடவில்லை. திங்கட்கிழமை கவுன்சில் ஆட்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். அவர் டீச்சர் பக்கம் திரும்பினார். "யார் யார் எவ்வளவு சொன்னாங்க?"

"தெரியாது மேடம்."

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான். எனக்குத் தெரியவும் முடியாது. அதுதான் பாடமே."

பெரிய மேடம் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "பாடக்குறிப்பு நோட்டோட ஆபீசுக்கு வாங்க" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆபீஸில் மேடம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். நோக்கம், கருவி, செய்முறை. நாலாவது கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது. உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"நீங்களே வழி எழுதிக் குடுத்திருக்கீங்களே டீச்சர்!"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. தன் கையெழுத்து, தன் பேனா. யாரையாவது திட்டலாம் என்றால் தன்னைத்தான் திட்டிக்கொள்ள வேண்டும்.

"அந்த வாயாடிக்கு ரெண்டு பக்கமும் யாரு? பெஞ்ச் வரிசை என்கிட்ட இருக்கு. நாளைக்குக் காலைல ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிடறேன். அவ கணக்கு எவ்வளவுன்னு தெரியட்டும். அனுமதி இல்லாம வார்டுல தங்கினான்னு எழுதிட்டா ஹால் டிக்கெட் தானா நின்னுடும். மத்தவங்களுக்கும் புத்தி வரும்." டிராயரைத் திறந்து ஒரு கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். டீச்சரின் பெயர் தெரிந்தது. "கழித்தல் கணக்கை நீங்களே போட்டுக் குடுங்க. இதுல நான் கையெழுத்துப் போடறேன்."

மைக்கின் ஒரு பக்கம் ஒல்லி. அவளைப் பற்றிப் பயமில்லை, அடித்துக் கேட்டாலும் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பாள். இன்னொரு பக்கம் அழுமூஞ்சி. ஊசியைக் கண்டு நோயாளி அழுவதற்கு முன்னால் அவள் அழுவாள். இருவரையும் எச்சரிக்கலாம் என்றால், அன்று மாலையே ஆளுக்கொரு வார்டில் டூட்டி போட்டுவிட்டார் பெரிய மேடம். கைபேசிகள் விடுதி வார்டனின் அலமாரியில். டீச்சர் வார்டு வாசல்வரை போனாள். காவலாளி கையை விரித்தார்.

வீட்டில் சோறு இறங்கவில்லை. கணவன் தட்டைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "என்ன, இன்னைக்கும் பிரிண்டரா?" என்று ஆரம்பித்தவன், கதையைக் கேட்டு முடித்ததும் மோர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான்.

"ஒரு கழித்தல்தான். போட்டா வேலை நிக்கும்" என்றாள் அவள்.

"போட்டுட்டு வந்தா உன் மூஞ்சியை நான்தானே தினமும் பார்க்கணும்? என்னால முடியாதும்மா. கடைல வந்து ஜெராக்ஸ் எடு. சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. மேஜையில் கால்குலேட்டர், பேப்பர், பேனா, அந்தக் கடிதம். பெரிய மேடம் பேனாவை நகர்த்தினார்.

"நான் கழிக்க மாட்டேன் மேடம்" என்றாள் டீச்சர். குரல் நடுங்கியது. நடுங்கினால் நடுங்கட்டும் என்று மறுபடியும் சொன்னாள். "பசங்க என்னை நம்பி எழுதினது. நான் கழிக்க மாட்டேன்."

"சரி. எனக்கும் கழிக்கத் தெரியும்." கடிதம் டிராயருக்குள் போனது. டிராயர் பூட்டிக்கொண்டது.

முதலில் ஒல்லி வந்தாள். "மைக்கிட்டேர்ந்து உனக்கு வந்த எண் என்ன?"

"ஐநூத்தி மூணு மேடம்."

கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டாள்! டீச்சருக்கு நாற்காலி ஆடுவது போலிருந்தது. அடிப்பாவி, உன்னைப் போய் மலையாக நம்பினேனே!

ஒல்லி வெளியே போக, அழுமூஞ்சி உள்ளே வந்தாள். வரும்போதே மூக்கு சிவந்திருந்தது. "நீ மைக்கிட்ட குடுத்த எண்?" என்று பெரிய மேடம் முடிப்பதற்குள் அழுகை பீறிட்டது. "சொல்லிடறேன் மேடம், சொல்லிடறேன். ஐநூத்தி நாப்பத்தெட்டு."

பெரிய மேடம் கால்குலேட்டரைத் தட்டினார். நெற்றி சுருங்கியது. அழித்துவிட்டு மறுபடி தட்டினார். பிறகு பேப்பரில் எழுதிப் பார்த்தார்.

"மைனஸ் நாப்பத்தஞ்சு?"

"அதென்ன மைனஸ் நாப்பத்தஞ்சு மணி நேரம்? டூட்டி பார்க்கறதுக்குப் பதிலா பின்பக்கமா நடந்தாளா? பொய் சொல்றியா?"

"பொய் இல்ல மேடம்! சத்தியமா இல்ல!" அழுமூஞ்சி அழுதபடியே யூனிபார்ம் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். 548. "என் சீட்டைப் பார்த்து மைக் கூட்டிட்டு எங்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டா. நான் சொன்னா நீங்க நம்ப மாட்டீங்கன்னுதான் பத்திரமா வெச்சிருந்தேன். உண்மையைத்தான் சொல்றேன். ஆனா அது மூணுல ஒரு பங்கு மேடம்."

"என்ன பங்கு?"

ஒவ்வொருத்தியும் தன் எண்ணை மூன்றாகப் பிரித்தாளாம். பத்து என்றால் முப்பது, இருபத்தைந்து, அப்புறம் மைனஸ் நாற்பத்தைந்து. எப்படி வேண்டுமானாலும் பிரிக்கலாம், மூன்றையும் சேர்த்தால் சரியாக வந்தால் போதும். முதல் பங்கை பெஞ்ச் வரிசையில் சுற்றவிட்டார்கள். மற்ற இரண்டு சுற்றுக்கும் சீட்டுக் குலுக்கி, எழுந்து இடம் மாறி உட்கார்ந்தார்கள். மூன்று மொத்தத்தையும் கூட்டினால் நானூற்றுப் பன்னிரண்டு. இந்த ஒன்றைத் தவிர, குலுக்கிய சீட்டையும் எழுதிய சீட்டையும் வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கிவிட்டார்கள்.

"அப்போ யார் பக்கத்துல யார் உக்காந்தீங்க?"

"எனக்கு என் பக்கத்துல இருந்தவங்களே பாதி ஞாபகம் இல்ல மேடம்" என்று மூக்கை உறிஞ்சினாள். "வேணும்னா நினைச்சுப் பார்த்து சொல்றேன். கேளுங்க, நான் எல்லாம் சொல்லிடுவேன்."

பெரிய மேடத்துக்கு முதன்முறையாக எதைக் கேட்பது என்று தெரியவில்லை. கையால் போ என்று சைகை காட்டினார்.

வராந்தாவில் டீச்சர் அவளைப் பிடித்து நிறுத்தினாள். தூணோரம் ஒல்லியும் நின்றிருந்தாள். "யாருடி இந்த யோசனை சொன்னது?"

ஒல்லி கட்டைவிரலால் அழுமூஞ்சியைக் காட்டினாள்.

"நீங்க பிரிண்டர் பார்க்கப் போயிட்டீங்க" என்றாள் அழுமூஞ்சி. "பக்கத்துல இருக்கறவ காட்டிக்குடுத்தா மாட்டிக்குவோம்னு சொன்னீங்கல்ல? எல்லாரும் 'நாங்க உயிரே போனாலும் சொல்ல மாட்டோம்'னு சத்தியம் பண்ணாங்க. நான் பண்ணலை டீச்சர். எனக்கு என்னைத் தெரியும். பெரிய மேடம் முறைச்சாலே நான் சொல்லிடுவேன். தைரியசாலிங்க மட்டும் இருந்தாதான் அது நிக்கும்னா அது என்ன பூட்டு? நான் சொன்னாலும் ஒண்ணும் ஆகாத மாதிரி பண்ணுங்கடின்னு கெஞ்சினேன். அப்புறம் நானே உக்காந்து யோசிச்சேன்."

டீச்சருக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது. இரவெல்லாம் எவள் உளறுவாள், எவள் தாங்குவாள் என்று எடை போட்டுக்கொண்டு கிடந்தவள் அவள். இந்தப் பெண்ணோ தன் பயத்தை ஒளிக்காமல் மேஜைமேல் வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறாள். டீச்சர் அவள் தலையைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு, நேரே போய்ப் பாடக்குறிப்பு நோட்டைத் திறந்தாள்.

புதுப்பக்கம். நோக்கம், கருவி, மூன்று சுற்றுச் செய்முறை. அதன் கீழே: 'கிடைத்த விடை: கடந்த வாரம் இருபத்து நான்கு மாணவியரின் கூடுதல் வார்டு டூட்டி, மொத்தம் 412 மணி நேரம்.' நாலாவது கட்டத்தில்: 'என் முறையில் குறை இருந்தது. மாணவியர் நீக்கிவிட்டார்கள்.' மையில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். ஆய்வுக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது இந்த நோட்டுகளைத்தான். முத்திரை குத்திய பக்கத்தை எந்தக் கொம்பனாலும் கிழிக்க முடியாது. கரும்பலகையில் 412 அப்படியே இருந்தது. அழிக்கச் சொல்லி ஆபீஸிலிருந்து ஆள் வந்தது. "டஸ்டர் மேஜைமேலதான் இருக்கு. மேடத்தையே வந்து அழிக்கச் சொல்லுங்க" என்று அனுப்பினாள். மேடம் வரவில்லை.

திங்கட்கிழமை கவுன்சிலிலிருந்து வந்தவர்களில் ஓர் அம்மாள், நோட்டை வகுப்புக்கே எடுத்துக்கொண்டு வந்தார். நாலாவது கட்டத்தை இரண்டு முறை படித்தார். பெரிய மேடம் கதவருகில் கல்லாக நின்றார்.

"இந்த நானூத்திப் பன்னெண்டை நான் எப்படி நம்பறது? இந்தக் குறையை நீக்கினது யாரு? எழுந்து சொல்லுங்க பார்க்கலாம்."

மைக் எழப் போனாள். ஒல்லி அவள் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். ஏனென்றால் அழுமூஞ்சி ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பெரிய மேடம் முறைத்தார். அவளும் பார்த்தாள், பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் அழுதாள். அழுதுகொண்டே போர்டுக்குப் போய், சாக்பீஸை எடுத்து, முதல் சுற்றிலிருந்து ஆரம்பித்து ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில், "நம்பிக்கை இல்லன்னா இப்பவே உங்க முன்னாடி நேத்தோட முடிஞ்ச வாரக் கணக்கைக் கூட்டிக் காட்டறோம் மேடம்" என்றாள்.

கூட்டிக் காட்டினார்கள். அந்த அம்மாள் கடிகாரத்தைப் பார்க்காமல் மூன்று சுற்றும் முடியும்வரை உட்கார்ந்திருந்தார். விடை முந்நூற்றுத் தொண்ணூற்றாறு. அதைத் தன் நோட்டில் குறித்துக்கொண்டு, பெரிய மேடத்தை ஆபீஸுக்கு அழைத்துக்கொண்டு போனார். கதவு சாத்தியது. உள்ளே என்ன பேசினார்களோ, மாலை நாலு மணிக்கு டூட்டி முடிந்ததும் வார்டு அக்காக்களே பெண்களை விடுதிக்கு விரட்டினார்கள்.

ஆனால் ஹால் டிக்கெட் இன்னும் வரவில்லை. செவ்வாய் போயிற்று. புதன்கிழமை வகுப்பில் மைக்கே பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்தால் அறையே வேறு அறை போல இருந்தது. டீச்சர் தகரப் பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கதவில் உதவியாளரின் தலை.

"டீச்சர், பிரிண்டர் மறுபடியும் தின்னுடுச்சு. பெரிய மேடம் உடனே வரச் சொல்றாங்க. ஹால் டிக்கெட் அடிக்கணுமாம்."

டீச்சர் நகரவில்லை. "எத்தனை டிக்கெட்?"

"அது எதுக்கு டீச்சர் உங்களுக்கு?"

"எத்தனைன்னு கேட்டுட்டு வாங்க. அப்புறம்தான் வருவேன்."

அவர் தலையில் அடித்துக்கொண்டு போனார். வராந்தாவில் செருப்புச் சத்தம் தேய்ந்து, மறுபடி வளர்ந்தது. இருபத்து நாலு பேரும் கதவையே பார்த்தார்கள்.

"இருபத்து நாலு டீச்சர்."

மைக் போட்ட கூச்சலில் கடைசி வார்டில் தூங்கியவர்கள்கூட எழுந்திருப்பார்கள். அழுமூஞ்சி வழக்கம்போல அழுதாள்.

டீச்சர் பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "இருபத்தஞ்சாவதா, என் பேருக்கு ஒரு கடிதம் ஏதாவது இருக்கா?"

உதவியாளர் தரையைப் பார்த்தார். "டிராயர் பூட்டித்தான் இருக்கு டீச்சர்."

"இருக்கட்டும்" என்றாள் டீச்சர். "முதல்ல இந்த இருபத்து நாலை அடிச்சிடலாம், வாங்க."